மதுரையிலிருந்து ஒருநாள் கயாக் பயணம்: புதிதாகப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

மதுரையிலிருந்து வேனில் கூட்டிப்போய், ராமநாதபுரம் கடற்கரையில் ஆறு கடலோடு சேரும் ஒரு கழிமுகத்தில் வழிகாட்டியோடு கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு) ஓட்ட வைத்து, மதியச் சாப்பாடும் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற ஒரு குழுவோடு குடும்பமாகப் போய்வந்தோம். நான், என் வீட்டுக்காரர், நாத்தனார், காலேஜ் படிக்கும் அவர் மகள். எல்லோருக்குமே துடுப்பைக் கையில் பிடித்தது அதுதான் முதல் தடவை. குழுவின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நல்லதோடு குறைகளும் சொல்லப் போகிறேன். எந்தக் குழுவோடு போனாலும் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கயாக் தண்ணீரில் இறங்கும் முன் கரையில் அவர்கள் உங்களோடு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள், அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள். இந்தக் குழுவுக்கு நான் நல்ல மார்க் போடுவதற்குக் காரணமே அதுதான்.

வேன் விடிவதற்கு ரொம்ப முன்னாடியே கிளம்பியது. ராமநாதபுரம் 110 கிலோமீட்டருக்கு மேல், அதைத் தாண்டியும் போக வேண்டும். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று வண்டியில் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள், காரணம் பிறகு தண்ணீரில் புரிந்தது. வழியில் பரமக்குடியில் டீ, இட்லி. வயிற்றை முட்ட நிரப்பிக்கொள்ளாதீர்கள், குனிந்து நிமிர்ந்து துடுப்புப் போடும்போது கஷ்டப்படுவீர்கள்.

கரையில் முதல் வேலை லைஃப் ஜாக்கெட். கிணற்றிலும் கண்மாயிலும் டியூப் கட்டி நீச்சல் பழகியவர்கள் நம் பக்கம் நிறைய, "எனக்கு எதுக்குப்பா ஜாக்கெட்" என்று முதலில் கேட்பதும் அவர்கள்தான். என் வீட்டுக்காரர் அலங்காநல்லூர்ப் பக்கம் கிணற்றில் குதித்து வளர்ந்தவர், அவரும் கேட்டார். வழிகாட்டி அந்தக் கடற்கரை ஊர்த் தம்பி, வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். "அண்ணே, கிணத்துல படி இருக்கும். இங்க கால் இழுத்துக்கிட்டா எதைப் பிடிப்பீங்க?" என்று கேட்டார். அதற்குமேல் பேச்சில்லை, ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

மாட்டிவிட்டதோடு அவர் நிறுத்தவில்லை. இடுப்புப் பட்டையில் தொடங்கி மேலே ஒவ்வொரு பட்டையாக இறுக்கி, கடைசியில் இரண்டு தோள் பட்டையையும் பிடித்து வெடுக்கென்று மேலே தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அது லூஸ், தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் அதற்குள் வழுக்கிக் கீழே போவார். இந்தச் சோதனையை உங்களுக்கு யாரும் செய்யவில்லை என்றால் நீங்களே பக்கத்தில் இருப்பவரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் உள்பக்க லேபிளைப் பாருங்கள். எத்தனை கிலோ எடைக்கு, எத்தனை நியூட்டன் மிதப்பு என்று போட்டிருக்கும், நியூட்டன் கூடக் கூட அதிகமாகத் தூக்கிப் பிடிக்கும். கயாக்குக்குத் தருவது பெரும்பாலும் 50 நியூட்டன் வகை, கை வீசத் தோதாக இருக்கும், ஆனால் அது நீந்தத் தெரிந்து, பக்கத்தில் உதவிக்கு ஆளும் இருக்கிறவருக்கானது, மயங்கியவரை மல்லாக்கத் திருப்பிப் போடுவது அதன் வேலை இல்லை. நீச்சலே தெரியாது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட்டு 100 நியூட்டன் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இங்கேதான் முதல் குறை. நாத்தனார் மகள் ஒல்லியான பெண், அவளுக்குப் பொருந்துகிற சின்ன அளவு ஜாக்கெட் இரண்டுதான் வைத்திருந்தார்கள், இரண்டும் எங்களோடு வந்த சிறுவர்களுக்குப் போய்விட்டன. தம்பி பெரிய ஜாக்கெட்டை இறுக்கி, கால் வழியாக ஒரு பட்டை கொடுத்துக் கட்டி, மறுபடி தூக்கிப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் விட்டார். ஆள் நல்லவர், பொருள் பற்றவில்லை. ஆட்களின் எடையை முன்பே கேட்டு வாங்குகிற குழு அதற்கேற்ற அளவைக் கொண்டுவந்திருக்க வேண்டாமா?

கயாக்கைப் பார்த்ததும் நாத்தனார் பதறிவிட்டார், "இதுல ஓட்டை இருக்கே!" என்று. மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகையில் அப்படித்தான் இருக்கும். மேலே தெறிக்கிற தண்ணீர் அந்த ஓட்டை வழியாக இறங்கிவிடும், உடம்பு முழுக்கக் காற்று அடைத்த கூடு என்பதால் படகு முழுகாது. உட்காருமிடம் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். எடை அளவுக்கு மேல் போனால் தண்ணீர் இறங்காமல் உட்காருமிடத்திலேயே நிற்கும், அதனால் எடையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இன்னொரு வகை, காலைக் குழிக்குள் விட்டு உட்காருவது. கவிழ்ந்தால் தலைகீழாக இருந்தபடியே அதிலிருந்து வெளியே வரத் தெரிய வேண்டும், அது தனிப் பயிற்சி. முதல் பயணத்துக்கே அந்த வகையைக் கொடுத்து, வெளியே வரப் பழக்காமல் அனுப்புகிறார்கள் என்றால் ஏறாதீர்கள்.

துடுப்பு விஷயம் சுருக்கமாக. தலைமேல் வைத்துப் பிடித்தால் முழங்கை இரண்டும் சதுரமாக மடங்கும் இடம்தான் பிடி. குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அரை மணியில் உள்ளங்கை கொப்பளித்துவிடும், மேல் கையைத் தளர்வாக விடுங்கள். கையால் மட்டும் இழுத்தால் தோள் வலிக்கும், இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பி இழுங்கள், பாதம் மிதியில் பதிந்திருக்கட்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். இரண்டு பேர் கயாக்கில் முன்னால் இருப்பவர் வேகத்தைத் தீர்மானிப்பார், பின்னால் இருப்பவர் அதற்கு ஒத்துப்போய்த் திசையைப் பார்த்துக்கொள்வார். முன்னால் உட்கார்ந்தவர் திரும்பித் திரும்பி யோசனை சொன்னால் படகு வட்டம் போடும். புருஷன் பெண்டாட்டி ஒரே கயாக்கில் ஏறும் முன் யார் பின்னால் என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொருவரையும் வேண்டுமென்றே கவிழ்த்தார்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது, கண் காது மூக்கெல்லாம் உப்புத் தண்ணீர், ஜாக்கெட் என்னை மேலே தூக்கிவிட்டது, எழுந்ததும் கேட்ட முதல் குரல் "அக்கா, துடுப்பை விடாதீங்க, படகைப் பிடிங்க!" தேடி வருகிறவர் கண்ணுக்கு ஆளைவிடப் படகுதான் தூரத்திலிருந்தே படும், அதனால் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். திரும்ப ஏற, பக்கவாட்டில் இரண்டு கையையும் ஊன்றி, காலை உதைத்து, வயிற்றை முதலில் படகின் குறுக்கே போட்டு, புரண்டு உட்கார்ந்து, அதன் பிறகு காலை உள்ளே இழுக்க வேண்டும். முதலில் முழங்காலை ஏற்றப் பார்த்தால் படகு மறுபடி நம்மேல் சாயும். என் நாத்தனாருக்கு ஏற வரவில்லை, தம்பி மறுபக்கம் நின்று படகை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது முயற்சியில் ஏறினார். அதன் பிறகு அவர் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. விழுந்தால் என்ன ஆகும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பிறகு தண்ணீரை ரசிக்க முடிகிறது. இதைச் செய்யாமல் "கவிழாதுங்க, பயப்படாதீங்க" என்று வெறும் வாயால் தைரியம் சொல்கிற இடத்துக்கு என் வீட்டுப் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன்.

நாங்கள் போன கழிமுகத்தில் தண்ணீர் ஓடுவதே தெரியாது. இருந்தாலும் ஓடும் ஆற்றுக்கான பாடத்தையும் கரையிலேயே சொன்னார்கள், அதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் அடுத்து ஆற்றுக்குத்தான் போவார்கள். வேகமாக ஓடும் தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால், முதுகில் மோதுகிற தண்ணீர் ஆளை முன்னால் மடக்கி அமுக்கிவிடும், தொடையளவு தண்ணீரே போதும். மல்லாந்து, பாதம் இரண்டும் தண்ணீர் போகும் திசையில் மேலே தெரிய மிதந்து, கையால் கரைப் பக்கம் ஒதுங்க வேண்டும். படகு உங்களுக்கும் பாறைக்கும் நடுவே இருக்கட்டும், நீங்கள் நடுவில் மாட்டக் கூடாது. படகோடு பாறையில் போய் மோதினால் பாறைப் பக்கமே சாயுங்கள், விலகிச் சாய்ந்தால் தண்ணீர் படகுக்குள் ஏறிக் கவிழ்த்துவிடும். விழுந்து கிடக்கும் மரத்தின் கிளைகளுக்குள் ஆறு புகுந்து போகிற இடத்தை எட்டவே விட்டுவிட வேண்டும், தண்ணீர் உள்ளே போகும், ஆள் போக முடியாது.

தடுப்பணையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்க இரண்டடி உயரம்தான் இருக்கும், மேலே வழிகிற தண்ணீர் அழகாகக்கூட இருக்கும். கீழே விழுந்த தண்ணீர் சுருண்டு மறுபடி சுவர்ப் பக்கமே திரும்பி இழுக்கும், அதில் மாட்டியவரை ஜாக்கெட்டோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றி அங்கேயே வைத்திருக்கும். எவ்வளவு பழகிய ஆளானாலும் படகைக் கரையேற்றித் தூக்கிக்கொண்டுதான் அதைத் தாண்ட வேண்டும்.

இதை எழுதும்போதே சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் காற்றடிக்கும் கயாக் வாங்கி வைத்துக்கொண்டு, வைகையில் தண்ணீர் வந்ததும் இறக்கலாம் என்று நினைக்கும் பையன்களே, தயவுசெய்து வேண்டாம். மதுரைக்குள் தடுப்பணை இருக்கிறது, ஆகாயத்தாமரை இருக்கிறது, சாக்கடை கலக்கிறது. வைகை அணையில் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது என்று விடுகிறார்களே, கரையோர ஊர்க்காரர்கள் ஆற்றில் இறங்காமல் இருக்கத்தான். அணை திறந்த தண்ணீர் வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். காலை வெயில் ஏறுமுன் அலையாத்திக் காட்டுக்குள் ஓடைகளில் நுழைந்தோம். இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து மூச்சு வேர்கள் பென்சில் நட்டு வைத்ததுபோல நின்றன, துடுப்புச் சத்தமும் மீன் துள்ளுகிற சத்தமும்தான். குறுகிய இடத்தில் கிளையைப் பிடித்து நிறுத்தலாம் என்று கை தானாகப் போகும், போக விடாதீர்கள். நாம் கிளையோடு நிற்போம், படகு நம்மை விட்டு நகரும், அங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி கத்தி மாதிரி அறுக்கும் என்று சொல்லியிருந்ததால் எல்லோரும் பின்னால் பட்டை உள்ள செருப்புப் போட்டிருந்தோம், ஹவாய் செருப்பு சேற்றிலேயே போய்விடும்.

ஒன்பது மணி வாக்கில், எங்களுக்கெல்லாம் இப்போதுதான் கை பழகியிருக்கிற நேரம், தம்பி கிழக்கே பார்த்துவிட்டு, "கொண்டல் எழும்புது, திரும்புவோம்" என்றார். கொண்டல் என்றால் கிழக்குக் காற்று. இன்னும் கொஞ்சம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், அவர் இறங்கி வரவே இல்லை. திறந்த வெளிக்கு வந்ததும் காரணம் தெரிந்தது: அரை மணிக்கு முன்னால் கண்ணாடியாக இருந்த தண்ணீரில் சின்னச் சின்ன அலை. போகும்போது எங்களைக் காற்று வரும் திசையை நோக்கிக் கூட்டிப்போயிருந்ததால் திரும்பும்போது காற்றே பாதி வேலையைச் செய்தது. களைத்த கையோடு காற்றை எதிர்க்க வைக்கும் குழுவும் உண்டு, அதனால் போகும்போதே காற்று எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இந்தக் கடற்கரைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் புதியவர்களுக்கு நல்ல காலம். ஜூனிலிருந்து கச்சான் என்கிற மேல்காற்று பலமாக வீசும், ஐப்பசி கார்த்திகையில் மழையும் வாடையும்.

குறைகளில் மீதி. பெண்கள் உடை மாற்ற ஓலைத் தட்டி மறைப்பு ஒன்றுதான், கதவு இல்லை, கழிவறைக்கு வேனில் ஏறிக் கொஞ்ச தூரம் போக வேண்டும். காசு வாங்குகிறவர்கள் இதை முதலில் சரிசெய்ய வேண்டும். புகைப்படத்துக்குத் தனிக் கட்டணம் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்கள். மதியம் மீன் குழம்பு அருமை, சைவத்துக்குச் சாம்பாரும் அப்பளமும் மட்டும்.

கொண்டுபோக வேண்டியவை: சீக்கிரம் காய்கிற டிராக்பேண்ட், முழுக்கை ஜெர்சி. ஜீன்ஸ், துப்பட்டா, புடவை, வேட்டி எதுவும் வேண்டாம், ஈரமானால் கனக்கும், சுற்றிக்கொள்ளும். கண்ணாடிக்குக் கயிறு, தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது. தங்கச் சங்கிலியைக் கழற்றி வையுங்கள், தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் ஜெர்சிக்குள் விட்டுப் பின் குத்திக்கொள்ளுங்கள். கார் ரிமோட் சாவி, போன் இரண்டும் வாயைச் சுருட்டி மூடுகிற நீர்புகாப் பையில். வலிப்பு, இதய நோய், தோள் இறங்கிய பழைய காயம் எதுவானாலும் வழிகாட்டியிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், இன்ஹேலர் உங்கள் படகிலேயே இருக்கட்டும்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் நடத்தும் படகுச் சவாரியிலும் கயாக் உண்டு, அலையாத்திக் காடு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம். கை பழகிய பிறகு கொல்லம் பக்கம் மன்றோத்துருத்துக்குப் போக எண்ணம், கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் சேருகிற இடம், வாய்க்கால் பாலங்கள் தலையைக் குனிந்தால்தான் போகுமளவுக்குத் தாழ்வு.

முன்பதிவுக்குப் போன் செய்யும்போது இவற்றைக் கேட்டுவிடுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், கவிழ்ந்து ஏறப் பழக்குவார்களா, வழிகாட்டியிடம் விழுந்தவருக்கு வீசும் கயிறும் விசிலும் முதலுதவிப் பெட்டியும் இருக்குமா, காற்று அதிகமானால் ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருவார்களா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள், காசு போய்விடுமே என்று மோசமான நாளிலும் இறக்கிவிடுவார்கள். நான் மறுபடி இதே குழுவோடு, அதே தம்பியோடுதான் போவேன், சின்ன அளவு ஜாக்கெட் வாங்கிவிட்டார்களா என்று கேட்டுவிட்டு.