தேதி மறக்கும் குளுக்கோமீட்டருடன் மூன்று ஆண்டுகள்

சென்ற வாரம், இரத்தச் சர்க்கரையை அளக்கும் என் குளுக்கோமீட்டரின் பேட்டரி இரண்டாம் முறையாகத் தீர்ந்தது. அதே வாரத்தில், இங்கே மொரீசியசில் ஆண்டுதோறும் என்னோடு காவடி எடுக்கும் நண்பர் ஒருவர், தமக்கும் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டதென்று சொல்லி, என்னுடைய கருவியையே வாங்கலாமா என்று கேட்டார். கோயில் வாசலில் நின்றபடி ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாததால் விரிவாக எழுதுகிறேன்.

பட்டன் பேட்டரியை மாற்றிய நொடியே இக்கருவி தேதியை மறந்து, ஏதோ ஒரு பழைய ஆண்டின் சனவரி முதல் நாளுக்குத் திரும்பிவிடுகிறது. முதன்முறை இதைக் கவனிக்காமல் நாற்பது நாட்கள் அளந்துவிட்டேன். அத்தனை அளவுகளும் நான் இதை வாங்குவதற்கு முந்தைய காலத்தில் பதிவாகி, முப்பது நாள் சராசரி எதற்கும் உதவாமற் போயிற்று. விற்ற கடையில் கேட்டபோது, கையேட்டிலேயே எழுதியிருக்கிறது என்றார்கள். எழுதித்தான் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற பிரெஞ்சு எழுத்தில். நாளை எண்ணி வாழ வேண்டியவனுக்கு நாளையே தொலைக்கும் கருவியை விற்பது என்ன நியாயம்?

அளவில் குறை சொல்ல மாட்டேன். ஐஎஸ்ஓ 15197 என்னும் தரவிதியின்படி, இத்தகைய கருவிகள் 15 விழுக்காடு வரை கூட்டியோ குறைத்தோ காட்டலாம், உண்மை அளவு லிட்டருக்கு 6.4 மில்லிமோல் (டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 115 மில்லிகிராம்) என்றால் 5.5 என்று காட்டினாலும் 7.3 என்று காட்டினாலும் விதிக்கு உட்பட்டதே. ஒரு டிசம்பர் காலையில் 11 என்று கண்டு நான் பதறியதற்குக் காரணம் கருவியன்று, லிச்சிப் பழம் உரித்த விரலைக் கழுவாமற் குத்தியதே. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அளந்தபோது 6.8.

நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் இதனால் விளைந்தது. மொரீசியசில் காவடிக்கு முந்தைய பத்து நாட்கள் மரக்கறி உண்டு விரதம் இருப்போம்; அந்நாட்களில் சர்க்கரை தானே இறங்கும் என்று இருபது ஆண்டுகளாக நம்பியிருந்தேன். கருவியோ ஒவ்வொரு மாலையும் ஏறுமுகத்தையே காட்டியது. மீனையும் கோழியையும் விட்ட நான், அவ்விடத்தைச் சோற்றாலும் உருளைக்கிழங்காலும் தால் பூரியாலும் நிரப்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. காவடியன்று வாழையிலையில் ஏழு கறியோடு உண்ட இரண்டு மணி நேரத்திற்குப் பின் 12.3. மறு ஆண்டும் அதே ஏழு கறிதான். காய்களை முதலில் உண்டு, சோற்றைப் பாதியாக்கி, அரை மணி நேரம் நடந்த பின் 8.9. விரதத்தை ஒரு நாளும் குறைக்கவில்லை என்பதை வீட்டுப் பெரியவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

என் தந்தையார் அறுபத்தொன்பதாம் வயதில் இந்நோயால் ஒரு காலை இழந்து, கடைசிக் காவடிகளை நாற்காலியில் அமர்ந்தே பார்த்தார். கோர் தெ கார்து மலைக் கோயிலின் படிகளை எழுபது வயதிலும் என் கால்களால் ஏற வேண்டும் என்பதே என் ஆசை. அந்த ஆசைக்காகத்தான் காலைதோறும் விரலைக் குத்திக்கொள்கிறேன். தேதியை நம்ப முடியாததால், அளவோடு முந்தைய இரவு உண்டதையும் பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் கையால் எழுதத் தொடங்கினேன். அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி எடுத்த மூன்று மாதச் சராசரிச் சோதனை (HbA1c) 7.6 விழுக்காட்டிலிருந்து 6.7க்கு இறங்கியதற்கு அக்குறிப்பேட்டுக்கே பெரும்பங்கு உண்டு என்று மனைவி சொல்கிறாள். கருவி ஒழுங்காக இருந்திருந்தால் குறிப்பேடே இருந்திருக்காது என்று நான் சொன்னால், அதற்காக அதைப் பாராட்டப் போகிறீர்களா என்று கேட்கிறாள். பாராட்ட மாட்டேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இதை வாங்க வேண்டாம். பேட்டரி மாற்றினாலும் தேதி நினைவில் நிற்குமா என்று கடையில் கேட்டு, கண்முன்னே மாற்றிக் காட்டச் சொல்லி வேறொன்று வாங்குங்கள். நான் நேற்று இதற்கு ஐம்பது சோதனைப் பட்டைகள் கொண்ட பெட்டி ஒன்றும், பேட்டரி இரண்டும் வாங்கி வந்தேன்.