தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்: கோத்தகிரியில் எங்கள் பீரோவுக்கு நடந்தது

அம்மா கல்யாணத்துக்குச் சீராக வந்த இரும்புப் பீரோ அது. கீழ்த்தட்டு துருப்பிடிக்க ஆரம்பித்ததால் போன நவம்பரில் இங்கே கோத்தகிரியில் ஒரு பெயிண்டிங் பட்டறையில் கொடுத்தேன். பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பூச்சாக ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே ஸ்ப்ரேயில் எனாமல் இரண்டு கோட் என்று பேச்சு. கூலி 5,500 ரூபாய். மறுநாள் சாயங்காலமே பட்டறைக்காரர் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

"வாசம் இவ்வளவு அடிக்குதேங்க?" என்று கேட்டேன்.

"புதுப் பெயிண்ட்னா அப்படித்தாங்க. தொட்டுப் பாருங்க, கையில ஒட்டுதா?"

ஒட்டவில்லை. முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

மூன்று நாள் விட்டு அம்மா துணிகளை அடுக்கினார். பத்து நாள் கழித்துத் திறந்தபோது அவருடைய முகூர்த்தப் பட்டு தட்டோடு ஒட்டிக்கிடந்தது. மெதுவாகத்தான் எடுத்தோம். ஆனாலும் ஜரிகைக் கரையில் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்புப் பெயிண்ட் ஏறிவிட்டது, தட்டில் புடவையின் நெசவு அச்சாகப் பதிந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேட்டுப்பாளையத்தில் முப்பது வருஷம் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்த சித்தப்பாவை வரச்சொல்லிக் காட்டினேன். நகத்தால் கீறினார், பாலாடை மாதிரி உரிந்து வந்தது. அடியில் பழைய பச்சைப் பெயிண்டும் துருவும் அப்படியே இருந்தன. ரெட் ஆக்சைடு சுவடே இல்லை. கதவின் கீழ்ப்பக்கம் தோல் சுருங்கினாற்போல் இருந்ததைக் காட்டி, "முதல் கோட்டு பாதி காஞ்சப்பவே அடுத்ததை அடிச்சிருக்கான்" என்றார். மேல்பக்கம் பால் தெளித்தது போல் வெளுத்திருந்தது, மேகம் இறங்கிய நேரத்தில் அடித்ததால் ஈரம் படிந்து வந்த வெளுப்பு.

அவர் விளக்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது. எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில், பெயிண்டை இளக்குவதற்காகக் கலக்கும் தின்னர் ஆவியாகிப் போகும். நல்ல வெயிலில் அடித்த மெல்லிய கோட்டுக்கு அது ஒரு மணி நேர வேலை. தொட்டால் ஒட்டாது என்பது இந்த முதல் கட்டம் முடிந்ததற்கு மட்டும்தான் அடையாளம். அதன்பிறகு பெயிண்டில் இருக்கும் பிசின் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுக வேண்டும். அதற்கு மலைக்குக் கீழே சமவெளியில் ஒரு வாரம் பத்து நாள் என்றால், ராத்திரி 12 டிகிரிக்கு இறங்கும் நம் ஊரில் மூன்று நாலு வாரம்கூட ஆகும். கனமாக அடித்திருந்தால் மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே ஈரமாகவே நிற்கும். கதவைப் பூட்டிய பீரோவுக்குள் காற்றோட்டமே கிடையாது. பிறகு எப்படி இறுகும்?

கடையில் விற்கும் ஸ்ப்ரே டின்னைத் திருப்பிப் பாருங்கள். 10 டிகிரிக்குக் கீழே அடிக்காதே, ஈரப்பதம் அதிகமிருந்தால் அடிக்காதே என்று பெரும்பாலும் போட்டிருக்கும். அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடி, இல்லையென்றால் 24 மணி நேரம் (சில டின்களில் 48) கழித்து அடி என்றும் இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் புதுக் கோட்டின் தின்னர் அரைகுறையாக இறுகிய அடிக்கோட்டை ஊறவைத்துச் சுருக்கிவிடும். எங்கள் கதவில் நடந்தது அதுதான்.

பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, "இந்தக் குளிருக்கு நான் என்னங்க பண்றது?" என்றார். குளிர் அவருக்குப் புதுசா? வடகிழக்கு மழை எப்போது வரும், மத்தியானம் எத்தனை மணிக்கு மேகம் இறங்கும் என்பதெல்லாம் இங்கேயே தொழில் செய்கிறவருக்குத் தெரியாதா? பத்து நாள் பட்டறையிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால் நான் விட்டுவைத்திருப்பேன். துணி வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புடவை தப்பியிருக்கும். அடிக்காத ரெட் ஆக்சைடுக்குக் காசு வாங்கியதற்குக் குளிர் என்ன செய்யும்? 1,000 ரூபாய் திருப்பித் தந்தார், அதோடு சரி.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பீரோவோ இரும்புக் கேட்டோ கட்டிலோ பெயிண்ட் அடிக்கக் கொடுக்கப்போகிறவர்கள், ரெட் ஆக்சைடு அடித்ததும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் மேல்கோட்டுக்குச் சம்மதியுங்கள். கூலியில் பாதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கண்ணில் படாத மூலையில் கட்டைவிரலை அழுத்தித் திருகிப் பாருங்கள், நகத்தை ஊன்றிப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் இறுகவில்லை. உள்ளே மூக்கை வைத்தால் பெயிண்ட் வாசம் வருகிறவரை துணி வேண்டாம், கதவு திறந்தே கிடக்கட்டும். முடிந்தால் மழைக்காலத்தை விட்டுவிட்டு பிப்ரவரி, மார்ச்சில் கொடுங்கள்.

எங்கள் பீரோ இப்போது வராண்டாவில் கதவைத் திறந்தபடி நிற்கிறது. வெயில் வரும் பக்கமாக அம்மா தினமும் காலையில் ஒரு தள்ளு தள்ளி வைக்கிறார். சித்தப்பா மார்ச்சில் வந்து எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.