ஸ்பாய்லர்: டிக்கியோடு இழைப்பதா, தனியாகச் செய்து முடுக்குவதா?

கார் டிக்கிமேல் ஸ்பாய்லர், அதாவது உதடு மாதிரியோ சிறகு மாதிரியோ ஒரு உறுப்பு, வைக்க ஆசைப்படுகிறவருக்கு மூன்று வழி இருக்கிறது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்த்த ரெடிமேட் ஸ்பாய்லரை வாங்கி ஒட்டலாம், அல்லது போல்ட் போடலாம். ஃபைபர்கிளாஸில் (கண்ணாடி இழையில் ரெசின் ஊறி இறுகியது) நாமே ஒன்றைச் செய்து, தனி உறுப்பாகவே டிக்கிமேல் முடுக்கலாம். மூன்றாவதுதான் பலரும் மனசுக்குள் வைத்திருப்பது: ஸ்பாய்லரை உட்காரவைத்து, சுற்றிலும் மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும் போட்டு, பட்டி பார்த்துத் தேய்த்து, எது ஸ்பாய்லர் எது டிக்கி என்று பிரித்தறிய முடியாதபடி ஒரே உடம்பாக்கிவிடுவது.

மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றாவதைத்தான் முதலில் செய்தேன். கற்றுக்கொண்டதில் பாதி அதில்தான்.

பெயிண்ட் காய்ந்த அன்று பார்த்தவர்கள் எல்லாம் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒரு கோடை போனது. இணைப்பு இருந்த இடத்தில் தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கோடு. துணியால் துடைத்தேன், போகவில்லை. அந்த இடத்தைச் சுரண்டி, மறுபடி பட்டி வைத்து, மறுபடி பெயிண்ட் அடித்தேன். அடுத்த கோடையில் அதே கோடு அதே இடத்தில், இந்தமுறை கொஞ்சம் அகலமாக. உள்ளே தண்ணீர் இறங்கி, தகட்டில் துருவும் பிடித்திருந்தது.

என் கைவேலையில்தான் பிசகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெயிலில் நிற்கும் கறுப்புக் கார் தகடு 70 டிகிரி செல்சியஸ் வரை சுடலாம். இரவில் அது 20-க்கு இறங்கினால் வித்தியாசம் 50 டிகிரி. எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, ஏறத்தாழ 12 மைக்ரான் நீளும். 1.2 மீட்டர் அகல டிக்கி என்றால் 0.7 மி.மீ. அதே நீளத்தில் ஏபிஎஸ் பிளாஸ்டிக், டிகிரிக்கு 80 மைக்ரான் என்று வைத்தால், கிட்டத்தட்ட 5 மி.மீ. நீளும். எஃகு முக்கால் மில்லிமீட்டர்கூட நகராது, ஏபிஎஸ் அரை செ.மீ. நகர்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டது பட்டி. பட்டிக்கு வளையத் தெரியாது, அதனால் வெடித்தது. நான் இழைத்தது ஏபிஎஸ் ஸ்பாய்லரைத்தான்.

ஃபைபர்கிளாஸ் ஸ்பாய்லராக இருந்திருந்தால்? மேட் போட்ட பாலியெஸ்டர் ரெசின் டிகிரிக்கு 25 முதல் 30 மைக்ரான் நீளும். 1.2 மீட்டருக்கு 1.5 முதல் 1.8 மி.மீ. எஃகோடு உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே இழைத்தே தீருவேன் என்கிறவர் குறைந்தபட்சம் ஸ்பாய்லரையும் ஃபைபர்கிளாஸில் வைத்துக்கொள்ளட்டும். பெயிண்டை வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, சொரசொரப்பாக்கி, எபாக்ஸி ரெசினால் ஒட்டட்டும். பாலியெஸ்டர் ரெசின் எஃகைச் சரியாகப் பிடிக்காது. கெட்டியாகும்போது சுருங்கி, விளிம்பிலிருந்து உரியத் தொடங்கும். இவ்வளவும் செய்தால் ஆயுள் நீளும். கோடு வராது என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். டிக்கியை ஒரு நாளைக்கு எத்தனைமுறை அறைந்து சாத்துகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கி மூடியே முழுக்க ஃபைபர்கிளாஸ் என்றால் கதை வேறு. அப்போது இரண்டு பக்கமும் ஒரே பொருள், இழைப்பது நிற்கும். எஃகு டிக்கிக்கு என் ஓட்டு தனி ஸ்பாய்லருக்குத்தான். அந்த இணைப்புக் கோடு தெரிந்துவிட்டுப் போகட்டும்.

வாங்கியதா, செய்ததா

ரெடிமேட் ஏபிஎஸ் ஸ்பாய்லரைக் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. உங்கள் கார் மாடலுக்கென்றே வார்த்ததாக இருந்தால் அரைநாள் வேலை. பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் அடிக்காமல் பெயிண்ட் அடித்தால் தோல் தோலாக உரியும், அதில் மட்டும் கவனம் வேண்டும். “எல்லாக் காருக்கும் பொருந்தும்” என்று விற்பதில்தான் சிக்கல். எல்லாக் காருக்கும் பொருந்துவது எந்த டிக்கியின் வளைவிலும் சரியாக உட்காராது. நடுவில் உட்கார்ந்தால் ஓரத்தில் தூக்கும்.

ஃபைபர்கிளாஸ் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். ஸ்பாய்லரின் அடிப்பாகத்தை டிக்கிமேலேயே வார்த்து எடுக்கலாம். டிக்கிமேல் மாஸ்கிங் டேப், அதன்மேல் சுருக்கமில்லாமல் அலுமினிய டேப், அதன்மேல் மெழுகு. பிறகு இரண்டு அடுக்கு மேட். கெட்டியானதும் ஒரு பிளாஸ்டிக் ஆப்பு விட்டு நெம்பினால், டிக்கியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அச்சாகப் பதிந்த ஒரு பாதம் கையில் வரும். அந்தப் பொருத்தத்தை எந்த ரெடிமேடும் தராது. இதற்கு முன் காரின் பின்பக்கம் முழுவதையும் பாலிதீன் போட்டு மூடிவிடுங்கள். ஒரு சொட்டு ரெசின் கண்ணாடி ரப்பரில் விழுந்தால் ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும். கழுவ வைத்திருக்கும் அசிட்டோன் பெயிண்டையும் சேர்த்துக் கழுவிவிடும்.

பாலியெஸ்டரா, எபாக்ஸியா

பாதத்தின்மேல் உருவம் கொடுக்க ஃபோம் கட்டையைச் செதுக்குவதுதான் ஒற்றை ஸ்பாய்லருக்கு எளிய வழி. எந்த ஃபோம் என்பதை எந்த ரெசின் என்பதே முடிவு செய்கிறது. பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற கரைப்பான் இருக்கிறது. தெர்மகோலை அது தின்றுவிடும். நான் ஒரு மாலை முழுக்கச் செதுக்கிய உருவம், முதல் கோட் ரெசின் பட்டதும் கண்ணெதிரே குழிந்து போனது. தெர்மகோல்தான் கைக்குக் கிடைக்கிறது என்றால் எபாக்ஸி. பாலியெஸ்டர்தான் என்றால் பாலியூரித்தேன் ஃபோம்.

பாலியெஸ்டரின் பலம் வேகமும் மலிவும். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர், ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். அரைக் கிலோவுக்கு 5 முதல் 10 கிராம். அந்த வரம்புக்குள் கூட்டிக் குறைத்து, வெயிலுக்குத் தக்கபடி வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். எபாக்ஸியில் அந்த விளையாட்டு கிடையாது. ரெசின் 2-க்கு ஹார்டனர் 1 என்றால் 2-க்கு 1தான், சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் கடைசிவரை பிசுபிசுவென்றே நிற்கும். எடைபோட ஒரு சின்னத் தராசு இல்லாமல் எபாக்ஸி டப்பாவைத் திறக்காதீர்கள்.

சுருக்கத்தில் எபாக்ஸி எளிதாக ஜெயிக்கிறது. பாலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும். தட்டையான நீள ஸ்பாய்லர் ஓரத்தில் முறுக்கிக்கொள்வதும், பெயிண்ட் அடித்துச் சில மாதம் கழித்து மேட்டின் இழை மேலே தெரிவதும் இதனால்தான். கறுப்பு பெயிண்டில் அது அப்பட்டமாகத் தெரியும்.

எபாக்ஸிக்கும் ஒரு பலவீனம் உண்டு, விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கலாம். மேலே சொன்ன 70 டிகிரித் தகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டுக்கு முன்பே உருவத்தை மிதமான சூட்டில் சில மணிநேரம் வைத்து எடுத்தால் அந்த வரம்பு உயரும். எந்தச் சூடு, எத்தனை நேரம் என்பது டப்பாவோடு வரும் தாளில் இருக்கும். இன்னொன்று: மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரையும்படி செய்தது. எபாக்ஸியில் அது கரையாமல் விறைப்பாகவே நிற்கும், வளைவுகளில் படியாது. எபாக்ஸிக்கு நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். ரெசினும் குறைவாகக் குடிக்கும்: துணிக்கு அதன் எடை அளவு ரெசின் போதும், மேட்டுக்கு இரண்டு, இரண்டரை மடங்கு வேண்டும்.

வரிசையும் முக்கியம். பாலியெஸ்டர்மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். எபாக்ஸிமேல் பாலியெஸ்டர் பட்டி வைப்பதென்றால் அடியில் இருப்பது முழுக்க இறுகியிருக்க வேண்டும். மேலே படியும் வழுவழுப்பை வெறும் தண்ணீரும் ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவிவிட்டு, அப்புறம்தான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்த வழுவழுப்பையே உள்ளே தேய்த்து ஏற்றுவதுதான் நடக்கும்.

ஒற்றை ஸ்பாய்லர், ஃபோம் உள்ளேயே இருக்கும் என்றால் நான் எபாக்ஸியும் துணியும்தான் எடுப்பேன். ஒன்றுக்கு மேல் வேண்டும், நண்பர்களும் கேட்கிறார்கள் என்றால் பாலியெஸ்டரில் மோல்டு. அது தனி உலகம்: மாதிரி உருவத்தைக் கண்ணாடிபோல் தேய்த்து, நாலைந்து கோட் மெழுகு பூசி, ஜெல்கோட் (மேல்தோலாக அமையும் ரெசின்) அடித்து, உருப்படியைவிட இரண்டு மடங்கு கனத்தில் மோல்டு எடுக்கவேண்டும். உள்பக்கம் மடியும் வளைவு ஒன்றிருந்தாலும் உருப்படி மோல்டுக்குள் பூட்டிக்கொள்ளும். அப்போது மோல்டை இரண்டு துண்டாகச் செய்யவேண்டும். ஒரே ஒரு ஸ்பாய்லருக்காக இதில் இறங்குவது வீண் வேலை.

பாதுகாப்பு பற்றி நீட்டி முழக்கவில்லை, ஆனால் இரண்டை விடமுடியாது. பாலியெஸ்டர் ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் அந்தச் சீசாவைத் தொடாதீர்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் தனியாக வரும் ரெசின் என்றால், அதையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் ஹார்டனர். தூசுக்கு விற்கும் மாஸ்க் ஸ்டைரீனைத் தடுக்காது, ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ளது வேண்டும்.

டேப்பா, போல்ட்டா

1973-இல் பிஎம்டபிள்யூ தன் 3.0 சிஎஸ்எல் காருக்குப் பெரிய பின்சிறகு வடிவமைத்தது. ஜெர்மனியின் சாலைவிதி அதை ஏற்கவில்லை. அதனால் சிறகை டிக்கிக்குள் வைத்தே காரை விற்றார்கள், வாங்கியவரே முடுக்கிக்கொள்ளட்டும் என்று. தனி உறுப்பாக இருப்பதில் உள்ள சௌகரியம் இது. கழற்றலாம், மாற்றலாம், டிக்கி இடிபட்டால் ஸ்பாய்லரை எடுத்துவைத்துவிட்டு டிங்கரிங் பார்க்கலாம்.

இரண்டு விரல் உயரத்துக்குள் இருக்கும் உதடு மாதிரியான ஸ்பாய்லருக்கு விஎச்பி வகை, நடுவில் நுரை உள்ள இரட்டைப்பக்க டேப்பே போதும். அதன் நுரை இழுபட்டுக் கொடுப்பதால் ஏபிஎஸ்ஸின் நீட்சியையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி ஒட்டி, மூன்று நாள் காரைக் கழுவாமல் விடுங்கள். முழுப் பிடிப்பு வர 72 மணிநேரம் ஆகும்.

நின்று காற்று வாங்கும் சிறகுக்கு டேப்பை மட்டும் நம்பமாட்டேன். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 670 நியூட்டன் அளவு. கால் சதுர மீட்டர் பரப்பில் அது முழுதாக விழுந்தால் 17 கிலோ எடை. வேகம் இரட்டித்தால் நாலு மடங்கு. பின்னால் வரும் வண்டியின் கண்ணாடியில் போய் விழும் பொருள் அது என்பதை மறக்கவேண்டாம்.

போல்ட்டுக்கு ஒரே எதிரி துரு. ஓட்டை போட்டவுடன் அதன் விளிம்புக்குப் பிரைமர் தொட்டு வையுங்கள், காய்ந்தபிறகே மேலே போங்கள். ஸ்பாய்லர் பக்கம் போல்ட் வரும் இடத்தில் ஃபோமைத் தோண்டி எடுத்து, துண்டு நறுக்கிய கண்ணாடி இழை கலந்த ரெசினால் நிரப்பி, அதற்குள் உலோகத் தகட்டைப் புதைக்கவேண்டும். வெறும் ஃபோம்மேல் முடுக்கினால் நசுங்கி, போல்ட் தளர்ந்துகொண்டே போகும். டிக்கிக்கு உள்பக்கம் அகல வாஷர். டிக்கிக்கும் ஸ்பாய்லருக்கும் நடுவே மெல்லிய ரப்பர். நடு போல்ட் ஓட்டையை இறுக்கமாகவும், ஓரத்து ஓட்டைகளைப் பக்கவாட்டில் கொஞ்சம் நீளமாகவும் போடுங்கள். ஃபைபர்கிளாஸின் அந்த ஒரு மில்லிமீட்டர் அங்கே நகர்ந்துகொள்ளும்.

ஓட்டை போடும்முன் ஸ்பாய்லரை வைத்து, மேலே உள்ள மூன்றாவது பிரேக் விளக்கு மறைகிறதா என்று பின்னால் தள்ளி நின்று பாருங்கள். டிக்கி திறந்தபடி நிற்கிறதா என்றும் பாருங்கள். மூடியைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் தொழிற்சாலை எடைக்குச் செய்தது, ஸ்பாய்லரின் எடை கூடினால் தலையில் வந்து விழும்.

முடுக்கிய அன்றே முழு பலத்தையும் காட்டவேண்டாம். இரண்டு வாரம் ஓட்டிவிட்டு உள்பக்க நட்டுகளை மறுபடி தொட்டுப் பாருங்கள். ரப்பர் அமர்ந்திருக்கும், கால் சுற்று இன்னும் இறங்கும்.