தாயோடு விடுவதா, கரப்பில் மூடுவதா, பல்ப்புக்குக் கீழே வைப்பதா?

எங்கள் வளவில் ஒரு கோழி அடை கிடக்கத் தொடங்கினால், பொரிக்கப்போகிற குஞ்சுகளை எப்படி வளர்ப்பது என்று வீட்டில் ஒரு வாக்குவாதமும் கூடவே தொடங்கும். அம்மா "தாயோடு விடு" கட்சி. பக்கத்து வளவு அக்கா, தாயைக் கவிழ்த்த கூடைக்குள் வைக்கிற கரப்புக் கட்சி. நான் கொஞ்சக் காலம் பல்ப்புக் கட்சியில் இருந்தேன். கிளிநொச்சிப் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிற வீடுகளில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் நடக்கிறது. மூன்றையும் செய்து பார்த்து, மூன்றிலும் குஞ்சு பறிகொடுத்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

பொரிக்கும் வரை போட்டி இல்லை. அடைக்கோழியை விடச் சிறந்த பொறி கிடையாது. நாட்டுக்கோழிக்கு 10, 12 முட்டை போதும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகள் சூடு காணாமல் கூழாகிவிடும். ஏழாம் நாள் இரவில் டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சிவப்பு நரம்பு ஓடியது கருப்பிடித்த முட்டை. தெளிவாகத் தெரிவதை எடுத்துவிடலாம். 18ஆம் நாளுக்குப் பிறகு கை வைக்கக் கூடாது. இடி முழக்கத்தில் முட்டை கெடக்கூடாது என்று அம்மா கரித்துண்டும் ஆணியும் போட்டு வைப்பார். முட்டைக்கு இடம் குறையாத வரை நான் வாய் திறப்பதில்லை. 21ஆம் நாள் பொரித்ததும் தீனோடு ஓடவும் தேவையில்லை. குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கரு இரண்டு நாளைக்குத் தாங்கும். பிந்திப் பொரிக்கிற முட்டைகளுக்காகத் தாய் எழும்பாமல் கிடக்க முடிவது அதனால்தான்.

சண்டை அதற்குப் பிறகுதான்.

அம்மாவின் வழியில் செலவே இல்லை. காலபோக நெல் வெட்டி முடிந்த மாசி, பங்குனியில் பொரித்த குஞ்சுகள் என்றால் வயலோரம் முழுக்கச் சிந்தின நெல்லும் பூச்சியும்தான். தாய் கறையான் புற்றைக் காலால் கிளறிவிட்டு, ஒன்றை அலகால் எடுத்து, திரும்பக் கீழே போட்டு "கொக், கொக்" என்று கூப்பிடும். குஞ்சுகள் விழுந்தடித்து ஓடி வரும். தான் தின்னாமல் எடுத்து எடுத்துக் கீழே போடுவதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிராந்து மேலே வட்டமிட்டால் சத்தமே வேறு. இழுத்து ஒரே ஒரு முறை கத்தும். அடுத்த நொடி முற்றத்தில் ஒரு குஞ்சு இருக்காது. எல்லாம் ஈச்சம் பற்றைக்குள் அசையாமல் கிடக்கும். இந்தப் பாடத்தைப் பெட்டிக்குள் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். போன முறை 11 பொரித்தது, மூன்றாம் கிழமை முடிய நாலு. இரண்டு காகத்துக்கு, ஒன்று கீரிக்கு, மிச்சம் எதற்கென்று தெரியாது. வன்னியில் வளவு என்றால் பின்னால் காடு. மரநாயும் சாரையும் வேலி பார்த்து நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைவிட மோசம். குஞ்சின் பஞ்சு மயிர் நனைந்தால் ஊறிவிடும், தண்ணீரை உதறாது. தாயோ பின்னால் நிற்கிறதைத் திரும்பிப் பார்க்காமல் ஈரப் புல்லுக்குள்ளால் நடந்துகொண்டே போகும். மாரியில் அடை வைத்துவிட்டுத் தாயோடு திறந்து விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாலு மிஞ்சினாலும் நாலும் சாமான், தம்பி. உன்ர பல்ப்புக் குஞ்சு மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிக்காது."

அது எனக்கான அடி. பல்ப்புக் கதைக்கு வருகிறேன்.

பொரித்த அன்றே குஞ்சுகளைப் பிரித்து, உமி பரப்பின பெட்டிக்குள் விட்டு, மேலே பல்ப் தொங்கவிடுவது. காரணம் முட்டைதான். தாய் இரண்டு மாதம் குஞ்சோடு திரிந்தால் அந்த இரண்டு மாதமும் முட்டை இல்லை. பிரித்துவிட்டால் கெதியில் மறுபடி இடத் தொடங்கும். கணக்குப் பார்க்கிறவருக்கு இது நல்ல வழி. காகமும் கீரியும் கிட்ட வராது. முதல் கிழமை குஞ்சு நிற்கிற மட்டத்தில் 32 முதல் 35 பாகை வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பல்ப்புக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, வாயைத் திறந்துகொண்டு மூலைக்குப் போனால் சூடு கூடிவிட்டது.

நான் முதலில் கட்டினது எல்ஈடி பல்ப். வெளிச்சம் நன்றாக இருந்தது, சூடு இல்லை. விடிய இரண்டு விறைத்துக் கிடந்தன. சரி என்று தேடித் திரிந்து பழைய குண்டு பல்ப் வாங்கிக் கட்டினேன். அது 2022. மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது ஞாபகமிருக்கும். போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துணி சுற்றி, இரவில் இரண்டு தரம் எழும்பி மாற்றினேன். ஒரு இரவு எழும்பவில்லை. சூடு தேடி ஒரு மூலையில் ஏறி நெரிந்ததில் ஐந்து செத்துப்போயின. தப்பினவற்றை ஐந்து கிழமையில் வெளியே விட்டபோது, அம்மா சொன்னது போலவே, பிராந்தின் நிழல் விழுந்தும் நடு முற்றத்தில் நின்றன.

அக்காவின் கரப்பை நான் கடைசியாகத்தான் மதித்தேன். கம்பால் இடைவெளி விட்டுப் பின்னின கூடையைக் கவிழ்த்துத் தாயை உள்ளே வைப்பது. குஞ்சுகள் இடைவெளியால் வெளியே வந்து மேயும், பயந்தால் உள்ளே ஓடும். காலில் கயிறு கட்டி மரத்தோடு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை; கயிறு சுற்றி, தாய் தன் குஞ்சையே மிதித்ததைப் பார்த்திருக்கிறேன். கரப்பில் தாயின் சூடும் சத்தமும் கிடைக்கிறது, ஆனால் குடும்பம் காட்டோரம் போவதில்லை. காகம் மட்டும் சில நேரம் வெளியே நிற்கிறதைத் தூக்கும். அதனால் முதல் கிழமை கரப்பைச் சுற்றிப் பழைய மீன்வலை போடுகிறேன்.

இதற்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுவது. ஒரே இடத்தில் எச்சம் சேர்ந்தால் இரத்தக் கழிச்சல் வரும். இரண்டு, நிழல். பங்குனி, சித்திரை வெயிலில் காலையில் நிழலாக இருந்த இடம் பதினொரு மணிக்கு அடுப்பு. வேப்பமரத்தின் கீழே வைத்துவிட்டுச் சந்தைக்குப் போன ஒரு நாள், வெயில் திரும்பித் தாயே மூச்சிரைத்துக் கிடந்தது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது. தீனிலும் ஒரு கவனம். தாய்க்கென்று முட்டைக்கோழித் தீனை உள்ளே போட்டால் குஞ்சுகளும் அதையே கொத்தும். அதிலுள்ள கல்சியம் குஞ்சின் சிறுநீரகத்துக்குக் கூடாது. தாய்க்கும் சேர்த்துக் குஞ்சுத்தீனையே போட்டுவிடுங்கள், அல்லது இரண்டுக்கும் குருணல். தடுப்பு மருந்துக்குக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்பது மூன்று வழிக்கும் பொது.

என் தெரிவு இப்போது இதுதான்: மூன்று கிழமை கரப்பு, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நான் பக்கத்தில் நிற்க ஒரு மணித்தியாலம் திறந்து விடுவது, நாலாம் கிழமையிலிருந்து முழுக்க அம்மாவின் வழி. முட்டை விற்றுத்தான் வீடு ஓடுகிறது, கரண்டும் நம்பிக்கையானது என்றால் பல்ப்பைக் குறை சொல்ல மாட்டேன்.

குண்டு பல்ப்பை நானும் எறியவில்லை. மழையில் நனைந்து விறைத்த குஞ்சை அதன் கீழே இரண்டு மணித்தியாலம் வைத்தால் எழும்பி நின்று கத்தும். அப்புறம் பகலில் தாயிடம் விடாதீர்கள், சில தாய்கள் கொத்திவிடும். இருட்டினதும் மெல்ல இறகுக்குக் கீழே சொருகிவிடுகிறேன். விடியத் தாய் எழும்பி மற்றவற்றோடு அதையும் கூட்டிக்கொண்டு போகும். ஒன்று கூடிவிட்டது என்று இதுவரை எந்தக் கோழியும் கண்டுபிடிக்கவில்லை.