மெக்ரிட்சியா, பிடோக்கா? இரு நீர்த்தேக்கங்கள் ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் விடுமுறைக் காலையை நீர்த்தேக்கக் கரையில் கழிக்க விரும்புவோர் பெரும்பாலும் மெக்ரிட்சியின் பெயரையே முதலில் சொல்வர். 1868ல் கட்டி முடிக்கப்பட்ட, தீவின் மிகப் பழைய நீர்த்தேக்கம் அது. அதைச் சூழ்ந்த காடும் அதற்குத் தனி மதிப்பைத் தந்திருக்கிறது. பிடோக் நீர்த்தேக்கமோ மணல் தோண்டியெடுத்த பள்ளத்தில் 1986ல் உருவாக்கப்பட்டது. எதிர்க்கரையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள் தெரியும் இந்த இடத்தைச் சுற்றுலாப் பயணிகள் அவ்வளவாகத் தேடி வருவதில்லை. ஆயினும் குடும்பத்தோடு அடிக்கடி செல்ல ஏற்றது பிடோக்தான் என்பது என் கருத்து.

மெக்ரிட்சியின் பெருமை அதன் காட்டுப் பாதைகளில் இருக்கிறது. இரு குன்றுகளை இணைக்கும் ‘ட்ரீடாப் வாக்’ என்ற 250 மீட்டர் தொங்கு பாலம் தரையிலிருந்து 25 மீட்டர் உயரம் வரை இருக்கிறது; அதில் நடக்கும்போது மரங்களின் தலைப்பகுதி கண்மட்டத்துக்கு வருகிறது. ஆனால் அது ஒருவழிப் பாதை; பாலத்தைக் கடந்தபின் வரும் மரப்படிகள் களைத்த கால்களைச் சோதிக்கும். மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து புறப்பட்டுத் திரும்ப ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருப்பதால், பாலம் மட்டும் போதும் என்பவர்கள் வீனஸ் டிரைவ் பக்கமிருந்து நுழைவது நல்லது. திங்கட்கிழமைகளில், பொது விடுமுறை நாளாக இல்லாவிட்டால், பாலம் மூடியிருக்கும். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் அதற்குள் உணவிருப்பதாகவே குரங்குகள் எண்ணி நெருங்கும் என்பதால், தின்பண்டங்களை முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிட வேண்டும்.

பிடோக்கில் இந்தப் பாடெல்லாம் இல்லை. கரையைச் சுற்றி ஓடும் 4.3 கிலோமீட்டர் பாதை பெரும்பாலும் சமதளமானது; தாத்தா பாட்டியோடும் மிதிவண்டி பழகும் பிள்ளையோடும் சேர்ந்து போகலாம், பாதியில் அலுத்தால் திரும்பிவிடலாம். டௌன்டவுன் ரயில் பாதையில் நீர்த்தேக்கத்தின் பெயரிலேயே நிலையம் இருப்பதால் கார் தேவையில்லை. நிழல் குறைவு என்பதே இதன் பெரிய குறை. நண்பகலில் போவது வீண்.

துடுப்புப் படகு இரண்டிலும் உண்டு. டிராகன் படகுக் குழுவினரின் பயிற்சியைப் பார்க்க விரும்புவோருக்குப் பிடோக் பொருத்தம். இரண்டும் குடிநீருக்கானவை என்பதால் நீந்த அனுமதியில்லை. தூண்டில் போடுவோர் குறிக்கப்பட்ட இடங்களில் செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்தலாம். மண்புழு கொண்டுபோனால் அபராதத்துக்கும் தயாராகப் போக வேண்டும்.