அரிவாள்மனைக்குக் கெவ்லார் கையுறை வாங்கலாமா?

இணையக் கடையொன்றில் ஜோடி 450 ரூபாய்க்கு வாங்கிய, கெவ்லார் என்ற செயற்கை இழையால் பின்னிய மஞ்சள் நிறக் கையுறையைச் சில மாதங்களாக அரிவாள்மனையிலும் கத்தியிலும் பயன்படுத்தி வருகிறேன். விரல் அறுபடாமல் காப்பதில் அது சொன்ன வேலையைச் செய்கிறது. ஆனால் அதை அடைத்து வந்த உறையின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ‘முழுப் பாதுகாப்பு’ என்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். இந்தக் கையுறையின் பலம், பலவீனம் இரண்டுமே அந்த இழையின் அமைப்பிலிருந்து வருபவை. அதைக் கண்டறிந்த ஸ்டெஃபனி குவோலெக்கின் பெயர் உறையில் எங்கும் இல்லை என்பதால், அவரையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

குவோலெக் 1923-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தையோடு காட்டுப் பக்கம் சுற்றி இலைகளையும் பூக்களையும் சேகரித்த சிறுமிக்குப் பத்து வயதிருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் தையல் வேலை செய்தவர். பொம்மைகளுக்கு உடை தைத்துப் பழகிய மகள் ஆடை வடிவமைப்பாளராக வேண்டும் என்று விரும்பியபோது, “நீ எதையும் அப்பழுக்கில்லாமல் செய்ய நினைப்பவள், அந்தத் தொழிலில் பட்டினிதான் கிடப்பாய்” என்ற பொருளில் தாய் எச்சரித்தாராம். பிறகு மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, அதற்குப் பணம் சேர்க்கும் எண்ணத்தோடு, 1946-இல் வேதியியல் பட்டம் பெற்ற கையோடு டூபான்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். நேர்காணல் நடத்தியவர் இரண்டு வாரத்தில் முடிவு சொல்வதாகக் கூறியபோது, வேறோர் இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சீக்கிரம் சொல்ல முடியுமா என்று குவோலெக் கேட்க, அவர் அங்கேயே செயலாளரை அழைத்து நியமனக் கடிதத்தை எழுதச் சொன்னார். தற்காலிகமாக ஏற்ற அந்த வேலையில் நாற்பது ஆண்டுகள் நிலைத்துவிட்டார்.

டயர்களுக்குள் வைக்க எஃகுக் கம்பியைவிட இலேசான, உறுதியான இழை ஒன்று வேண்டும் என்பதே 1960-களின் நடுவில் அவருடைய குழுவுக்குத் தரப்பட்ட வேலை. பெட்ரோல் தட்டுப்பாடு வரக்கூடும், டயர் இலேசானால் வண்டிக்கு எரிபொருள் மிச்சமாகும் என்ற எதிர்பார்ப்பு அதற்குக் காரணமாக இருந்தது. இழை நூற்கப் பயன்படும் பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள், கரைந்த வழக்கமான கரைசல் தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கும். குவோலெக்குக்குக் கிடைத்ததோ நீர்மோர் போலத் தண்ணீராகவும் கலங்கலாகவும் இருந்தது. வேறொருவராக இருந்தால் அதைக் கீழே கொட்டியிருப்பார்கள். இழை நூற்கும் கருவியின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று அஞ்சிய பணியாளரும் முதலில் மறுத்தார். குவோலெக் கரைசலை வடிகட்டிக் காட்டி, விடாமல் வற்புறுத்தி நூற்கவைத்தார். இழையின் விறைப்பு அளவு நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்து வந்தபோது உடனே யாரிடமும் சொல்லாமல், திரும்பத் திரும்பச் சோதனைக்கு அனுப்பி உறுதி செய்துகொண்ட பிறகே வெளியில் சொன்னார். தாய் சொன்ன குணம் ஆய்வகத்தில் நன்றாகவே பயன்பட்டிருக்கிறது.

அந்தக் கலங்கலுக்குக் காரணம், கரைசலுக்குள்ளேயே நீண்டு விறைத்த மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசையாக நின்றதுதான். இழையாக இழுக்கும்போதும் அந்த வரிசை குலைவதில்லை. அதனால்தான் எடைக்கு எடை பார்த்தால் கெவ்லார் எஃகைப்போல் ஐந்து மடங்கு உறுதியானது என்கிறார்கள். அரிவாள்மனையில் அலகு அசைவதில்லை, காயைப் பிடித்த கைதான் அதை நோக்கிப் போகிறது. வாழைத்தண்டோ சேனையோ நறுக்கும்போது கை வழுக்கினால் அலகு விரல்மேல் இழுபடும். அப்படி இழுபட்ட இடத்தில் என் கையுறையில் நூல் இலேசாகப் பிசிறியிருக்கிறதே தவிர அறுபடவில்லை.

குத்து வேறு விஷயம். இது பின்னல் துணி, கண்ணிகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. கத்தியின் முனை, மீன் முள், ஊசி ஆகியவை இழையை வெட்டாமலேயே அந்த இடைவெளியில் நுழைந்துவிடும். அடுத்த குறை பிடிமானம். ரப்பர் பூச்சு இல்லாத கையுறையில் ஈர வெண்டைக்காய் நிற்காது. பலாக்காய் நறுக்கும்போது வரும் பால் நூலுக்குள் இறங்கிவிட்டால் சோப்புக்கு அசையாது. ஆகவே பலாவுக்கு இதன்மேல் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றைப் போட்டுக்கொள்வதே நல்லது. மஞ்சள்தூள் கறை மட்டும் தெரிவதில்லை, நிறம் அப்படி. சூடான பாத்திரத்தைச் சற்று நேரம் பிடிக்கலாம், ஆனால் கையுறை ஈரமாக இருந்தால் சூடு உடனே கையில் ஏறும்.

துவைப்பதில் நம் வழக்கங்கள் இரண்டை விட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கூடாது, குளோரின் இந்த இழையைக் கெடுக்கும். மொட்டைமாடி வெயிலிலும் காயப்போடக் கூடாது. புற ஊதாக் கதிர் பட்டால் நிறம் மங்குவதோடு வலுவும் குறைகிறது. நிழலில் உலர்த்தி அலமாரிக்குள் வைக்க வேண்டும்.

வாங்குமுன் இ.என் 388 என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் நான்கு எண்கள் முறையே உராய்வு, வெட்டு, கிழிசல், குத்து ஆகியவற்றைத் தாங்கும் அளவைக் குறிக்கும். அவற்றை அடுத்து வரும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்து இன்னொரு வெட்டுச் சோதனையின் முடிவு. நான் வாங்கியதில் சுத்தியல் படம் போட்ட குறியீடு மட்டும் இருந்தது, எண்கள் இல்லை. விற்பனையாளரிடம் கேட்டதற்கு ‘உயர்தரம்’ என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. மறுமுறை எண்கள் இல்லாததை வாங்க மாட்டேன்.

கெவ்லார் 1971-இல் விற்பனைக்கு வந்தது. காப்புரிமையை நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்திருந்ததால், குண்டு துளைக்காத உடை தொடங்கி இந்தக் கையுறை வரை விற்ற எதிலும் குவோலெக்குக்குப் பங்கு இல்லை. 1986-இல் ஓய்வு பெற்றபின் பள்ளி மாணவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேதியியல் சொல்லிக்கொடுத்தார். தோட்ட வேலையும் தையலும் அவருக்குப் பிடித்தவை. 1996-இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்ற அவர், 2014-இல் தம் 90-ஆம் வயதில் காலமானார். தையல்காரர் மகளின் இழையில் பின்னிய பொருளை விற்பவர்கள், உறையின் மூலையில் அவர் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

தினமும் நிறையக் காய் நறுக்குபவர்களும், புதிதாக அரிவாள்மனை பழகுபவர்களும் தாராளமாக வாங்கலாம். மீன் சுத்தம் செய்யவென்று வாங்குவதாக இருந்தால் வேண்டாம். கை அளவைப் பார்த்து வாங்குங்கள். விரல் நுனியில் துணி தொங்கினால் அலகு முதலில் பிடித்து இழுப்பது அதைத்தான்.