இரவு 2:14-க்கு என்ன நடந்தது? சொன்னது சிஸ்ஸ்டாட்

சர்வர் வேலையில் என்னை அதிகம் வாட்டிய கேள்வி, "ராத்திரி ரொம்ப ஸ்லோவா இருந்துச்சே, ஏன்?" என்பதுதான். போன் அடித்து, எழுந்து, விபிஎன் போட்டு, உள்ளே போய் டாப் கட்டளையை அடிப்பதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். டாப் இந்த நொடியை மட்டும்தான் காட்டும். நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்க நான் நம்புவது சர்வரின் செயல்பாட்டைப் பதிவு செய்து வைக்கும் சிஸ்ஸ்டாட் என்ற கருவித் தொகுப்பை, அதிலும் அதற்குள் இருக்கும் சார் கட்டளையை.

சார் லினக்ஸில் பிறந்ததல்ல. சோலாரிஸ், ஏஐஎக்ஸ், ஹெச்பி-யூஎக்ஸ் என்ற யூனிக்ஸ் வகைகள் மூன்றிலும் உண்டு. சோலாரிஸ் சர்வர்களோடு பழகிய காலத்தில் கற்ற கை இன்றும் அப்படியே உதவுகிறது. லினக்ஸுக்கு இதை எழுதிப் பராமரித்து வருபவர் செபாஸ்தியன் கொடார். திறமூலம், இலவசம். சாட்-சி (sadc) என்ற சிறிய சேகரிப்பு நிரல், கெர்னல் வைத்திருக்கும் கணக்குகளைக் குறித்த இடைவெளியில் ஒருமுறை படித்து, அன்றைய கோப்பில் ஒரு பதிவு சேர்த்துவிட்டுப் போய்விடும். சர்வருக்கு அது ஒரு பாரமே இல்லை.

இதன் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது ஒரு டேட்டாபேஸ் சர்வரில். 12 கோர். இரவு இரண்டு மணி தாண்டியதும் நாலைந்து நிமிடம் அப்ளிகேஷன் டைம்அவுட் ஆகும், பிறகு தானாகச் சரியாகிவிடும். நெட்வொர்க் குழு எங்களைக் கைகாட்டியது, நாங்கள் டேட்டாபேஸ் குழுவைக் கைகாட்டினோம். இப்படியே ஒரு வாரம் போனது.

லோடைக் காட்டும் சார் மைனஸ் க்யூ போட்டுப் பார்த்தேன். 2:10 வரியில் ஒன்றுமில்லை. 2:20 வரியில் 1 நிமிட லோடு ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) 3, அதுவும் சாதாரணம்தான். ஆனால் அதே வரியில் 5 நிமிட ஆவரேஜ் 13, 15 நிமிட ஆவரேஜ் 10. என் கண் அங்கேதான் நின்றது. இப்போது 3, சற்று முன்பு 13 என்றால், அந்த இரண்டு பதிவுகளுக்கு நடுவே பெரிதாக ஏதோ வந்து போயிருக்கிறது. பத்து நிமிட இடைவெளி அதைத் தவறவிட்டிருக்கிறது.

இதுதான் சிஸ்ஸ்டாட் மீது என் முதல் குறை. தொகுப்போடு வரும் டைமர் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். நாளுக்கு 144 பதிவு. சிபியூ, டிஸ்க் எண்கள் அந்தப் பத்து நிமிடத்தின் சராசரி. லோடும், பிளாக்ட் எண்ணிக்கையும் (டிஸ்க் போன்றவற்றின் பதிலுக்காக நின்றுபோன ப்ராசஸ்கள்) பதிவு எடுக்கும் அந்தக் கணத்தின் நிலை. நான்கு நிமிடப் பிரச்சினை சராசரியில் கரைந்துவிடும், இல்லையென்றால் இரண்டு கணங்களுக்கு இடையே நழுவிவிடும். இன்றைய சர்வர்களுக்கு இந்த இடைவெளி போதவே போதாது.

டைமரை 1 நிமிடமாக மாற்றினேன். இங்கே பலரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளை வழியாக மாற்றும்போது, முதலில் ஓட வேண்டிய நேரத்தைச் சொல்லும் ஆன்கேலண்டர் என்ற வரியை மதிப்பு இல்லாமல் வெறுமையாக எழுதி, அதற்கு அடுத்த வரியில் புது நேரத்தைக் கொடுக்க வேண்டும். அந்த வெற்று வரி இல்லாவிட்டால் பழைய அட்டவணையும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கும்.

மறுநாள் காலை 2:14 வரியைத் திறந்தேன். பிளாக்ட் 44. ஐஓ வெய்ட் (டிஸ்குக்காகக் காத்து சிபியூ சும்மா இருந்த நேரம்) 40 சதவீதம், யூசர் (நிரல்கள் சிபியூவில் ஓடிய நேரம்) வெறும் 6. அதாவது லோடு ஏறியது சிபியூ வேலையால் அல்ல. டிஸ்க் பதிலுக்காக டி நிலையில் காத்துக்கிடக்கும் ப்ராசஸ்களையும் லினக்ஸ் லோடில் சேர்த்தே எண்ணும். டிஸ்க் எண்களைக் காட்டும் சார் மைனஸ் டி போட்டதும் ஒரே ஒரு டிவைஸில் அவெய்ட் (ஒரு கோரிக்கைக்குப் பதில் வர ஆகும் சராசரி நேரம்) 380 மில்லிசெகண்ட். மற்ற நேரத்தில் அது 4-ஐத் தாண்டாது. நொடிக்கு எத்தனை ரீட், ரைட் என்று பார்த்தால் வழக்கத்தைவிடக் குறைவு. நாங்கள் கேட்டது குறைவு, காத்திருந்தது அதிகம். அப்படியென்றால் கோளாறு இந்த சர்வருக்கு வெளியே. அதே ஸ்டோரேஜைப் பகிரும் மற்ற சர்வர்களின் சார் கோப்புகளை எடுத்து அதே நிமிடத்தை ஒப்பிட்டேன். ஒன்றில் 2:12-க்கு ரீட் எண்ணிக்கை சரசரவென்று ஏறியிருந்தது: அதன் பேக்கப். பேக்கப்பை 4:30-க்குத் தள்ளினோம். அன்றிரவு 2:14 வரியில் அவெய்ட் 5.

அடுத்த குறை, தொகுப்பைப் போட்டால் மட்டும் போதாது என்பது. டெபியன் குடும்ப லினக்ஸில் நீண்ட காலமாகச் சேகரிப்பு அணைத்த நிலையில்தான் வரும். டீஃபால்ட் அமைப்புக் கோப்பில் எனேபிள்ட் என்பதை ட்ரூ என்று மாற்ற வேண்டும். அங்கே பதிவுகளை 7 நாள்தான் வைத்திருக்கும், ரெட் ஹாட் லினக்ஸில் 28. அணைத்து வைத்தபடி மாதக்கணக்கில் ஓடிய சர்வர்களைப் பார்த்திருக்கிறேன். பிரச்சினை வந்த பிறகு இயக்கினால் அந்த இரவு திரும்பக் கிடைக்காது. எனக்கு மெய்யாகவே வயிறு எரியும் விஷயம் இது.

சார் எந்த ப்ராசஸ் என்று சொல்லாது. அதே தொகுப்பில் உள்ள பிட்ஸ்டாட் சொல்லும், ஆனால் பிரச்சினை நடக்கும்போது அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் முக்கியமான சர்வர்களில், ப்ராசஸ் வாரியாகக் குறித்து வைக்கும் ஏடாப் என்ற கருவியின் பதிவையும் சேர்த்தே வைக்கிறேன். யூட்டில் (டிஸ்க் வேலையில் இருந்த நேரத்தின் அளவு) 100 சதவீதம் என்று கண்டதும் டிஸ்க் திணறுகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். பல வேலைகளை ஒரே சமயத்தில் செய்யும் எஸ்எஸ்டியும் ரெய்டும் 100-ஐக் காட்டிக்கொண்டே நிம்மதியாக ஓடும். அவெய்ட்டைப் பாருங்கள். முன்பு ஒரு கோரிக்கையை டிஸ்க் முடிக்க ஆகும் நேரம் என்று எஸ்விசிடிஎம் என்ற பத்தி ஒன்று இருந்தது. அதை நம்பாதீர்கள் என்று கையேடே சொன்னது, பிறகு நீக்கியே விட்டார்கள். நல்ல முடிவு. விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் நமக்கு வர வேண்டிய சிபியூ நேரம் எவ்வளவு வேறிடம் போனது என்று காட்டும் ஸ்டீல் பத்தியைத் தவறாமல் பாருங்கள்.

கோப்பு பைனரி என்பதால் பதிப்பு மாறினால் திறக்க மறுக்கலாம். பழைய கோப்பைப் புதுப் பதிப்புக்கு மாற்ற சாட்எஃப் மைனஸ் சி என்ற கட்டளை இருக்கிறது. அதே சாட்எஃப் மைனஸ் ஜி-யில் எஸ்விஜி வரைபடம் தரும். மேலாளர்களிடம் காட்ட அதைத்தான் எடுத்துப்போகிறேன்.

டாஷ்போர்டு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறார்கள். டாஷ்போர்டுக்குத் தகவல் நெட்வொர்க் வழியாகப் போக வேண்டும். நெட்வொர்க் அறுந்த ஓர் இரவில் எங்கள் டாஷ்போர்டில் வெற்றிடம்தான் இருந்தது. சார் கோப்பில் ஒரு நிமிடம்கூட விடுபடவில்லை. இப்போது என் கைக்கு வரும் எந்தப் புது சர்வரிலும் முதல் நாளே டைமரை 1 நிமிடமாக்கி, ஒரு முழு நாள் ஓடியதும் அந்த நாளின் கோப்பில் 1440 பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதை ஆட்களிடம் ஒப்படைக்கிறேன்.